சீனச்சட்டி நம் வீட்டிலேயே இருக்கிறது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

போன ஞாயிறு மாலை கரியாலூரில் என் பழைய மாணவன் ஒருவனின் தள்ளுவண்டிப் பக்கம் நின்றிருந்தேன். மலை பார்க்க வந்தவர்கள் கூட்டம். கோபி மஞ்சூரியன் சாப்பிட்ட ஒரு சிறுமி தன் தம்பியிடம் நாக்கை நீட்டிக் காட்டினாள். குங்குமம் பூசியதுபோல் சிவப்பு. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் குறைந்ததும், "இந்தக் கலர் பொடி வேண்டாமேப்பா" என்றேன்.

"கலர் போடலைன்னா வாங்க மாட்டேங்கறாங்க சார். வெறும் மிளகாய்த்தூள் போட்டா, இது என்ன பஜ்ஜியான்னு கேக்கறாங்க. ரெண்டு புள்ளைங்க படிக்குது சார்" என்றான்.

34 வருடம் பாடம் நடத்திய எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவனைத் திட்டிப் பதிவு போடுவது சுலபம். ஆனால் சிவப்பைக் கேட்டு வாங்குவது நாம்தானே? 2024 பிப்ரவரியில் ரோடமைன் பி என்ற துணிச்சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டது. அடுத்த மாதமே கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கக்கூடாது என்றது. எல்லா வண்டியிலும் அந்தச் சாயம்தான் என்று நான் சொல்லவில்லை. என்ன பொடி என்றே தெரியாமல் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. மஞ்சூரியன் சீனாவிலிருந்து வந்ததே அல்ல. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-இல் மும்பையில் உருவாக்கியது என்பார்கள். சீனர் வீடுகளில் அன்றாடம் செய்வது வேறு. காய்களைப் பொடியாக அரிந்து, பெரிய தீயில் ஐந்து நிமிடம் புரட்டி எடுப்பது. கலரும் இல்லை, எண்ணெயில் பொரிப்பதும் இல்லை.

அதற்கு வேண்டிய பாத்திரம் நம் வீட்டிலேயே இருக்கிறது. பேரே சீனச்சட்டி! குழிவான இரும்புச் சட்டி. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

நான் செய்யும் முறை இதுதான். கால் கிலோ கோஸ், ஒரு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், ஒரு குடைமிளகாய். கழுவி ஈரம் போகத் துடைத்து, மெலிதாக ஒரே அளவில் அரிய வேண்டும். சட்டி நன்றாகக் காய்ந்ததும் இரண்டு கரண்டி எண்ணெய். தட்டிய பூண்டு, இஞ்சி. மணம் வந்ததும் கேரட்டும் பீன்ஸும் முதலில். இரண்டு நிமிடம் கழித்து கோஸும் குடைமிளகாயும். கை நிற்காமல் புரட்டுங்கள். மூடி போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் காய் நீர் விட்டுவிடும். சட்டி நிறைய அள்ளிப் போட்டாலும் சூடு இறங்கி, வதங்க வேண்டியது வெந்துவிடும். ஒரு கரண்டி சோயா சாஸ், மிளகுத்தூள், இறக்கும்போது வெங்காயத்தாள். சோயா சாஸிலேயே உப்பு உண்டு, பார்த்துப் போடுங்கள்.

காய் பச்சை பச்சையாகவும் ஆரஞ்சாகவும் தன் நிறத்திலேயே இருக்கும். நம் மலைச் சாமைச் சோற்றுக்கு இது அருமையான ஜோடி.

முதல் நாள் என் பேத்தி, "கடையில இருக்கற மாதிரி இல்ல தாத்தா" என்றாள். உண்மைதான், கடை மாதிரி இருக்காது. மூன்றாவது முறை செய்தபோது அரிய உட்கார்ந்தவள் அவள்தான். தானே அரிந்த காயைப் பிள்ளைகள் ஒதுக்குவதில்லை.

இதைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைக்கு அம்மாவை ஏன் கூப்பிட வேண்டும்?

நேற்று மறுபடி வண்டிக்குப் போனேன். "ஒரு தட்டு கலர் இல்லாம போட்டுக் குடுப்பா, முன்பணமே தர்றேன்" என்றேன். போட்டுக் கொடுத்தான். பணம் வாங்க மறுத்தான், வற்புறுத்திக் கொடுத்தேன். பக்கத்தில் நின்றவர், "எனக்கும் அதே மாதிரி" என்றார்.

ஒரு தட்டால் அவன் பிழைப்பு நடக்காது. பத்துப் பேர் கேட்டால் நடக்கும். கல்வராயன்மலைக்கு வருகிறவர்கள், எந்த வண்டியில் நின்றாலும், "கலர் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.