கை சும்மா இருந்தால் கண் எங்கே போகும்?



காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் இறுதிக் கடன் செய்த இடம் என்று தல புராணம் சொல்லும் ஊர். 'புள்' என்றால் பறவை. பறவைக்குப் பெருமை அதன் கண்தானே! இந்த வாரம் கண்ணைப் பற்றியே பேசலாமா?

அந்த நெடுஞ்சாலையில் போகும் புதிய கார்கள் சிலவற்றில், வெள்ளைக் கோட்டுக்குள் தானாகவே செல்லும் வசதி இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைக் கண்டால் தானே வேகத்தைக் குறைக்கும். அப்போது ஓட்டுநருக்கு மிச்சம் இருப்பது ஒரே வேலை. சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'பூ, இவ்வளவுதானா?' என்கிறீர்களா? கடிகாரத்தின் விநாடி முள்ளை மட்டும், வேறு எதையும் பார்க்காமல், பத்து நிமிடம் பாருங்கள். கஷ்டம் புரியும்!

இங்கிலாந்தில் நார்மன் மேக்வொர்த் என்ற விஞ்ஞானி, 1948ல் இப்படி ஒரு சோதனையை வெளியிட்டார். முள் எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும்; அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே பலர் கோட்டை விடத் தொடங்கினார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. மனித மூளையே அப்படித்தான்.

2018 மார்ச் மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்தது மிகவும் வருத்தமான சம்பவம். ஊபர் நிறுவனம் தானியங்கி காரைச் சோதித்துக்கொண்டிருந்தது. இரவு நேரம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்தார். மோதுவதற்கு 5.6 விநாடிகள் முன்பே காரின் கருவி எதையோ கண்டுவிட்டது. அது என்ன என்றுதான் புரியவில்லை. மேற்பார்வைக்கு அமர்ந்திருந்தவரின் கண்களோ கீழே செல்போன் பக்கம் இருந்தன. நிமிர்ந்தபோது ஒரு விநாடிதான் மிச்சம். 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், அந்த ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். அந்தப் பெண் இறந்துபோனார்.

தவறு அவர் ஒருவருடையது மட்டுமா? முன்பு காருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். நிறுவனம் அதை ஒருவராகக் குறைத்திருந்தது. அவரைச் சரியாகக் கண்காணிக்கவும் இல்லை என்று விசாரணை அமைப்பு 2019ல் குறை கூறியது.

இப்போது காஞ்சிபுரத்துத் தறிக்கு வாருங்கள். பூ வேலைக்கு எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்பதை ஜக்கார்டு பெட்டியே பார்த்துக்கொள்கிறது. அதற்காக நெசவாளர் வேடிக்கை பார்க்கிறாரா? இல்லையே! காலால் மிதிக்கிறார், கையால் நாடாவை ஓட்டுகிறார். கையும் காலும் வேலையில் இருப்பதால், கண்ணும் துணியிலேயே இருக்கிறது. ஒரு இழை அறுந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

பார்த்தீர்களா? வேலை செய்பவரின் கண் வேலையோடு இருக்கும். சும்மா காவல் இருப்பவரின் கண் அலையும். அதனால்தான் சில கார்களில் ஓட்டுநரின் கண்ணையே கவனிக்கும் கேமராவை வைத்திருக்கிறார்கள். கண் வேறெங்காவது போனால் எச்சரிக்கை ஒலிக்கும்.

உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அப்பாவோ மாமாவோ கார் ஓட்டும்போது, "இந்த வீடியோவைப் பாருங்களேன்" என்று செல்போனை நீட்டாதீர்கள். கார் எவ்வளவு கெட்டிக்காரக் காராக இருந்தாலும் சரி! சாலையைக் கடக்கும்போது, வண்டி நின்ற பிறகு ஓட்டுநர் உங்களைப் பார்க்கிறாரா என்று கவனித்து, அப்புறம் காலை எடுத்து வையுங்கள். கணக்கைக் கால்குலேட்டரில் போட்டாலும், விடை சரியாக இருக்குமா என்று மனதுக்குள் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

இயந்திரம் நமக்கு உதவட்டும். கண் மட்டும் நம்முடையதாகவே இருக்கட்டும். சரிதானே, செல்லங்களே?

அன்புடன்,
ஆசிரியர்