பிரசாரத்தின் பலனை அளப்பது எப்படி?

அறிவியல் வெளியீடுகளை, விநியோகித்த பிரதிகளின் தொகையைக் கொண்டு வரிசைப்படுத்துவது எளிது. ஆயினும் அத்தொகை உழைப்பைக் காட்டுமேயன்றிப் பலனைக் காட்டாது.

பலனை அளந்த முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. 1956-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் அகில இந்திய வானொலி, புணே நிலையத்தின் வாயிலாகச் சுமார் 150 கிராமங்களில் வானொலி விவசாய மன்றங்களை நடத்தியது. கிராமத்தார் கூடியிருந்து ஒலிபரப்பைக் கேட்டு விவாதித்தனர். மதிப்பீடு செய்த டாடா சமூக விஞ்ஞான நிறுவனத்தார், ஒலிபரப்புக்கு முன்னும் பின்னும் மக்களை வினவி, மன்றமில்லாத கிராமங்களோடும் ஒப்பிட்டனர். மன்றங்கள் இருந்த கிராமங்களில் அறிவு வளர்ச்சி தெளிவாக மிகுந்திருந்தது.

இம்முறையின் அவசியம் இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறை போன்ற ஊர்களில் நன்கு புலப்படும். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. சுற்றிலும் வழங்குவது மலையாளம். வாசகர் தொகை ஒன்றே அளவுகோலாயின், அவர்களுக்கான தமிழ்ப் பிரசுரம் என்றும் பட்டியலின் கடைசியிலேயே நிற்கும், நிறுத்தப்படவும் கூடும். மாறாக, பூச்சிமருந்து தெளிக்கையில் கையுறையும் முகக்கவசமும் அணிவோரைப் பிரசுரம் சேருமுன்னும் சேர்ந்த பின்னும் எண்ணி, அது சேராத தோட்டத்தோடு ஒப்பிட்டால் அதன் மதிப்பு விளங்கும்.

இக்கணக்கை எடுக்கக் கள ஊழியரும் ஆசிரியருமே தக்கவர். அவர்கள் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில், விநியோகத் தொகைக்கு அருகே இதற்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுதல் வேண்டும்.