வேலிக்கு ஓணான் சாட்சி

மருத்துவர்களுக்குப் பரிசும் விருந்தும் வெளிநாட்டுப் பயணமும் தந்து மருந்து விற்கும் நிறுவனங்களை யார் விசாரிப்பது? அந்நிறுவனங்களின் சங்கமே விசாரிக்கும் என்கிறது ஒன்றிய அரசு.

2015 ஜனவரியில் ‘தன்விருப்ப’ விதித்தொகுப்பு ஒன்று ஆறு மாதச் சோதனை என்ற பெயரில் வந்து, ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2024 மார்ச் 12 அன்று புதிய விதித்தொகுப்பு வெளியானது. அதன்படி, ஒவ்வொரு மருந்து உற்பத்தியாளர் சங்கமும் தனக்குள் ஒரு நெறிமுறைக் குழுவை அமைக்கும். புகார் கொடுப்பவர் 1,000 ரூபாய் கட்ட வேண்டும். குற்றம் உறுதியானால்? கண்டனம், கொடுத்ததைத் திரும்பப் பெறுதல், மிஞ்சினால் சங்கத்திலிருந்து நீக்கம். அதற்குமேல் அரசுக்குப் பரிந்துரைக்கலாம், அவ்வளவே. சங்கத்தில் சேராமலே மருந்து விற்க முடியும் எனும்போது இந்த நீக்கம் யாரை அச்சுறுத்தும்?

பரிசு வாங்கும் மருத்துவரைத் தண்டிக்க 2009 முதல் விதி உண்டு. கொடுக்கும் முதலாளிக்கோ சங்கத்தின் செல்லக் கண்டிப்பு! இத்தகைய பரிசுச் செலவுக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அச்செலவு மருந்து விலையில் ஏறி நோயாளியின் தலையில் விழுவதையும் சுட்டிக்காட்டியது.

முதலாளிகளின் சங்கம் முதலாளிகளின் நலனைக் காப்பதில் வியப்பில்லை. அதனிடம் நீதிபதியின் நாற்காலியை ஒப்படைத்ததே அரசின் குற்றம். மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் சம்மேளனம் உச்சநீதிமன்றம் வரை சென்று கோரும் சட்ட வலுவுள்ள விதிகள் வேண்டும். சங்கங்களுக்கு வெளியே நிற்கும் விசாரணை அமைப்பும் வேண்டும். இக்கோரிக்கையை ஒவ்வொரு கிளையும் மக்களிடம் கொண்டு செல்வோம்.