தூசு எண்ணும் கருவியும் கணக்குப் போட்டவளும்

கொலராடோ பல்கலைக்கழகத்தின் வளிமண்டல, விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்கள் ஓர் உணரியை உருவாக்கினார்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலம்; விண்வெளித் தூசு மோதியதும் மின்னூட்டம் மாறும், அதை வைத்துத் துகள்களை எண்ணலாம். 2006 ஜனவரியில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் ஏறி அது புளூட்டோவை நோக்கிக் கிளம்பியது. நாசாவின் கோள் பயணங்களில் மாணவர்களே செய்த முதல் கருவி. அதே ஆண்டு அதற்கு வெனிஷியா பர்னியின் பெயரை வைத்தார்கள். 1930இல், பதினோரு வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் காலைச் சாப்பாட்டு மேசையில் ‘புளூட்டோ’ என்ற பெயரைச் சொன்ன சிறுமி அவர்.

மாணவர்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. பர்னியையும் எனக்குப் பிடிக்கும். வளர்ந்து பள்ளியில் கணக்கும் பொருளாதாரமும் சொல்லிக்கொடுத்தவர். என் கேள்வி வேறு. புளூட்டோவின் கதையில் கௌரவிக்க ஒரு பெண்ணைத் தேடினால், பெயர் சொன்ன குழந்தை உடனே கிடைக்கிறாள். கணக்குப் போட்ட பெண் எங்கே போனார்?

எலிசபெத் வில்லியம்ஸ். 1903இல் எம்.ஐ.டி.யில் இயற்பியல் முடித்தவர். பெர்சிவல் லோவெல் தேடிய ‘எக்ஸ் கோள்’ எங்கே இருக்கும் என்ற கணக்குகளைப் போட்ட குழுவின் தலைவி. 1922இல் கல்யாணம் செய்துகொண்டார். மணமான பெண்ணை வேலையில் வைத்திருப்பது முறையல்ல என்று லோவெல் வானாய்வகத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். அனுப்பியது லோவெல்லின் மனைவிதானே, ஒரு பெண்தானே என்று நம் வாயை அடைக்க வருவார்கள். ஆமாம், அவர்தான். ஆனால் அதே வானாய்வகத்தில் கல்யாணமான ஸ்லைஃபர் இயக்குநர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாரே!

அந்தக் கணக்கு தப்பு என்று இன்று தெரியும். புளூட்டோவின் நிறை மிகச் சிறியது. சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் அது அகப்பட்டது தற்செயல். பிறகு வில்லியம்ஸுக்கு என்ன பெருமை என்பீர்கள். சரி, லோவெல்லுக்கு என்ன பெருமை? புளூட்டோவின் குறியீட்டில் பின்னியிருக்கும் பி, எல் இரண்டும் அவருடைய முதலெழுத்துகளும்தான். ஒரே தப்புக் கணக்கு. சொந்தக்காரருக்குக் கோளின் மேல் முத்திரை, போட்டுக்கொடுத்தவளுக்கு வேலை நீக்கம்.

பெயர் சூட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் உணரியும் செயற்கைக்கோளும் செய்கிற ஒவ்வொரு பல்கலைக்கழக ஆய்வகமும் முதலில் ஒரு கணக்கை வாசலில் ஒட்டட்டும்: கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் பிறகு அங்கே நிரந்தர வேலையில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர், ஒப்பந்தம் முடிந்ததென்று வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்று.