கேமரா சாட்சிக்கு ஆள் வேண்டும்

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குப் போன ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். கொலை வழக்கின் முக்கிய சாட்சி பிறழ்ந்துபோனார். கோயில் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றம்சாட்டப்பட்டவரான யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு உறுதிசெய்தது. ஆனால், கேமராப் பதிவு தானாக வாய் திறந்துவிடாது. ஹார்ட் டிஸ்க்கை யார் கழற்றினார், ரெக்கார்டரின் கடிகாரம் சரியாக ஓடியதா, நகலின் ஹாஷ் மதிப்பு (கோப்பின் எண் கைரேகை) மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று எதிர்த்தரப்பு துருவும். கூண்டில் நின்று பதில் சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் அதற்கான சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, அந்தச் சான்றிதழில் நிபுணரின் கையெழுத்தையும் சேர்த்துக் கேட்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை முதல் லாரிப் பட்டறைவரை கேமரா மாட்டியாயிற்று. சான்றிதழில் கையெழுத்துப் போடும் நிபுணரை மட்டும் ஒப்பந்தக் கூலியாக வைத்திருந்தால், கொலை வழக்கு ஏழு வருடம் இழுத்து விசாரணைக்கு வரும்போது அவர் எந்த ஊரில் என்ன வேலையில் இருப்பாரோ! மாவட்டந்தோறும் இதற்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். கேமரா வாங்கக் காசு இருக்கும் அரசுக்கு, அதன் சார்பில் பேசும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவும் மனம் வர வேண்டும்.