மேட்டில் நின்றுவிடும் கார்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலை, சூளகிரிக்கு முன்னே மேலுமலையில் மேடேறுகின்றது. சமவெளியில் நன்றாக ஓடிவந்த பழைய பெட்ரோல் கார் இம்மேட்டில் திணறி நின்றுவிடுவதுண்டு. அரைமணி நேரம் ஆறவிட்டால், ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். லாரிகள் வரிசையாய் ஏறிவரும் அவ்விடத்தில் குழந்தை குட்டிகளோடு நிற்பது எத்துணை ஆபத்து! ஒர்க்‌ஷாப்பிற்கு வந்ததும் வண்டி சரியாக ஓடும். மெக்கானிக்கோ பிளக், காயில், கார்புரேட்டர் என ஒவ்வொன்றாய் மாற்றிப் பணத்தைக் கரைப்பார்.

சூட்டில் மட்டும் தோன்றும் இக்குறைக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுவது ஒன்று; மின்பொறி அற்றுப்போவது மற்றொன்று. எது என்பதை வண்டி நின்ற அக்கணத்தில்தான் அறியலாம். பெட்ரோல் வாடை இல்லையெனில், ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, அதன் உலோகப்பகுதி எஞ்சின் இரும்பில் படுமாறு வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பொறி வந்தால் பெட்ரோலைத் தேடுங்கள். வயரைக் கையால் பிடித்தலாகாது. அதில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாயும். வயரை வெறுமனே தொங்கவிட்டாலும் மின்னணு மாட்யூல் கெடக்கூடும்.

அம்பாசிடர், பத்மினி கார்களில் பாயிண்ட் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிந்தது. மின்னணு முறையில் பாயிண்டின் இடத்தைப் பிக்கப் காயிலும் மாட்யூலும் ஏற்றன. இவை சூடேறியதும் உள்ளே அறுந்து, ஆறியதும் மீண்டும் கூடும். ஆகவே பிக்கப் காயிலைச் சூடாயிருக்கும்போதே மீட்டரால் அளக்கவேண்டும். அதன் இரு வயர்களை யாரேனும் இடம்மாற்றி இணைத்திருந்தால், வண்டி ஓடும். ஆனால் டைமிங் பிசகும். இதைக் கண்டுபிடிக்க இயலாமல் திண்டாடுவோர் பலர்.

டைமிங் என்பது என்ன? பெட்ரோல் கலவை எரிந்து முடிய ஏறத்தாழ ஒரு நொடியின் 500இல் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்று கொள்வோம். நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சின் அதற்குள் 36 டிகிரி திரும்பிவிடும். எனவே வேகம் கூடக்கூடப் பொறி முந்தி வரவேண்டும். டைமிங் லைட்டைப் புல்லியின் குறியில் பிடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால், குறி சீராக நகரவேண்டும். நகராவிடில் முன்னகர்த்தும் எடைகள் இறுகியிருக்கும். துள்ளினால் டிஸ்டிரிபியூட்டர் தண்டு தேய்ந்திருக்கும். பொறி பிந்தினால் எஞ்சின் சூடேறி மேட்டில் இழுவை குன்றும். மிக முந்தினால் தட்டும் ஓசை எழுந்து பிஸ்டனே பழுதாகும்.

இவ்வட்டாரத்து இளைஞர்க்கு இவை புதியனவல்ல. ஓசூர்–தளி சாலையில் உளிவீரனப்பள்ளியில் இந்தியா நிப்பான் தொழிற்சாலை இருசக்கர வண்டிகளுக்கு இத்தகைய மின்னணுச் சாதனங்களையே செய்கின்றது.

இன்றைய கார்களில் டிஸ்டிரிபியூட்டர் இல்லை. கிராங்க் சென்சார் தரும் குறிப்பைக்கொண்டு கணினியே நேரத்தைத் தீர்மானிக்கின்றது. எனினும் அச்சென்சாரும் சூட்டில் மயங்கி, ஆறியதும் விழிப்பதுண்டு. மேட்டில் நின்றால் எஞ்சின் விளக்கு எரிந்ததா, எத்தனை நிமிடத்தில் மீண்டும் கிளம்பிற்று என்று ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.