கட்சி கட்டி ஆடும் சொல்லாட்டம்

ஆங்கில வகுப்பில் வாய் திறவாத மாணாக்கரைப் பற்றி நம் கலாசாலையில் அடிக்கடி பேச்சு நிகழ்கின்றது. அவர் திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ தமிழ் வழியிற் படித்துத் தேறி வந்தவர். கணக்கிலும் இரசாயனத்திலும் பிறர்க்குக் குறைந்தவரல்லர். ஆங்கிலத்தில் ஒரு வினா எழுந்தவுடனே தலை குனிகின்றார். அவர்க்கு நாம் இதுகாறும் அளித்து வரும் மருந்து ஒன்றே: நாளொன்றுக்குப் பத்துச் சொல், எதிரே தமிழ்ப் பொருள், மறுநாள் ஒப்பித்தல். பரீட்சை கழிந்த மறு வாரம் அச்சொற்கள் போன இடம் தெரிவதில்லை. இந்நெட்டுரு முறையைக் குறைத்து, கட்சி கட்டி ஆடும் சொல்லாட்டத்தை வகுப்பினுள் நுழைத்தல் வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். வாரக் கடைசிப் பொழுதுபோக்காக அன்று. பாட நேரத்திலேயே என்கின்றோம்.

ஆட்டம் எளிது. வகுப்பு இரு கட்சியாகப் பிரியும். ஒருவர் எழுந்து ஒரு சீட்டை எடுப்பார். சீட்டின் தலையில் ஓர் ஆங்கிலச் சொல். அதன் கீழே, அவர் வாயினின்று வரலாகாத நான்கைந்து சொற்கள். ஒரு நிமிஷத்திற்குள் அத்தலைச்சொல்லைத் தம் கட்சியார் கண்டுபிடிக்குமாறு அவர் ஆங்கிலத்தில் விளக்குதல் வேண்டும். எதிர்க்கட்சியார் ஒருவர் அருகே நின்று, விலக்கிய சொல் நழுவுகின்றதா என்று காவல் காப்பார். 1989-இல் 'டபூ' என்னும் பெயரால் அமெரிக்காவில் இத்தகைய ஆட்டமொன்று பெட்டியிலிட்டு விற்பனைக்கு வந்தது. நாம் பெட்டி வாங்க வேண்டுவதில்லை; பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறம் போதும். கட்சி பிரிந்து ஊகிக்கும் ஆட்டம் நம்மவர்க்குப் புதியதுமன்று. எதிர்க்கட்சிச் சிறுமியின் கண்ணைப் பொத்தி, பூவின் பெயர் சூட்டிய தோழியை அழைத்து மெல்லத் தொடச் செய்து, தொட்டவர் யாரென்று வினவும் ஆட்டம் நம் தெருக்களில் ஆடாத சிறுமியர் யார்?

நாம் கண்ட ஒரு நாளைச் சொல்லுவோம். சீட்டில் இருந்த சொல் 'ஆங்கர்'. ஷிப், சீ, அயர்ன், செயின் என்னும் நான்கும் விலக்கு. எழுந்தவர் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. அவ்வாண்டில் அதுவரை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் பேசியறியாதவர். சிறிது நேரம் சீட்டையே நோக்கி நின்றார். பிறகு, 'வெரி வெயிட். மை பாதர் த்ரோ. போட் நோ கோ. ஆல் ஸ்லீப்' என்றார். அவர் கட்சியார் ஒரே குரலில் 'ஆங்கர்' என்று கூவினர். இலக்கணம் உடைந்து கிடந்தது உண்மையே. ஆயினும் நடுக்கடலில் இரவு நிற்கும் லாஞ்சு முழுவதும் அந்நான்கு தொடரில் அடங்கிவிட்டதன்றோ? மற்றொருவர்க்குக் 'க்யூ' என்னும் சொல் வாய்த்தது. அவர் கூறியது இவ்வளவே: 'எண்ணூர் ரோடு, கண்டெய்னர் லாரி, எவ்ரி நைட்.' சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று.

நெட்டுருவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஈண்டுப் புலனாம். நங்கூரம் என்னும் பொருளை எழுதிப் படித்தவர்க்கு ஓர் ஆங்கிலச் சொல் ஒரு தமிழ்ச் சொல்லோடு மாத்திரம் கட்டுண்டு நிற்கும். விலக்கிய சொற்களைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தவரோ, ஒரு சொல்லுக்காகத் தம்மிடமுள்ள பத்துச் சொற்களைத் தட்டி எழுப்புகின்றார். ஆகவே ஊகிப்பவரினும் விளக்குபவர்க்கே ஊதியம் மிகுதி. வாயாடிகள் இருவரே விளக்கிக்கொண்டிருக்கும் ஆட்டத்தால் பயனில்லை. முறை வைத்து எல்லோரும் எழுதல் வேண்டும்.

நம் பகுதியில் இவ்வாட்டத்திற்கு ஒரு தனி வாய்ப்புண்டு. தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856-இல் இராயபுரத்தினின்றே புறப்பட்டது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தது. அதுவே பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த இவ்வூர்களில், தமக்கு ஆங்கிலமே தெரியாதென்று அழும் மாணாக்கரின் வீட்டில் ஷிப்டு, ஓவர்டைம், கிரேன், வெல்டிங், போர்மேன், டன், டீசல் முதலியன அன்றாடம் வழங்குகின்றன. இவற்றை ஆங்கிலமென்று அவர் எண்ணுவதில்லை. நாமும் எண்ணச் செய்வதில்லை. மேஸ்திரி, சாவி, ஜன்னல் என்பன போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை. எந்தப் பட்டியலை ஒப்பித்து நம் முன்னோர் அவற்றைக் கற்றனர்? நம் கட்டுமரமும் அவ்வாறே கப்பலேறி ஆங்கிலத்திற் புகுந்து 'கேட்டமரான்' ஆயிற்று. ஆனால் அங்கே இன்று அச்சொல் இணையுடல் கொண்ட ஓடத்தையே பெரிதும் குறிக்கும். இச்சொல்லைச் சீட்டில் எழுதிப் பாருங்கள். காசிமேட்டாருக்கும் அகராதிக்கும் மூளும் வழக்கே ஒரு நாட் பாடமாகும்.

இனி, தடை கூறுவார் கூற்றை நோக்குவோம். என். எஸ். பிரபு அவர்கள் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில், இலக்கணம் ஓதாமல் ஏதேனும் ஒரு காரியத்தைச் செய்வித்து அதன் வழியே ஆங்கிலம் புகட்டும் சோதனையை நடத்தினார். அது உலகெங்கும் பேசப்பட்டது. அவரும் மாணாக்கரைக் குழுவாக விட விரும்பவில்லை; ஒருவர் பிழையை மற்றவர் பயின்று அது வேரூன்றிவிடுமென்று அஞ்சினார். இஃது எளிதில் தள்ளத்தக்க அச்சமன்று. 'போட் நோ கோ' என்பதை நாற்பது பேர் கேட்டுச் சிரித்து மனத்திற் கொண்டால் அது நிலைத்தே போகும். ஆகையால் ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன், அப்போது பிறந்த வாக்கியங்களுள் இரண்டு மூன்றை ஆசிரியர் திருத்திக் கரும்பலகையில் எழுதுதல் வேண்டும். பேசியவர் பெயரை எழுதலாகாது. இத்திருத்தம் இல்லாத ஆட்டத்தை நாம் ஆதரிக்கவில்லை.

ஒருவர்க்கொருவர் கற்பித்தல் சென்னைக்குப் புதியதோ எனின், அன்று. 1789 முதல் எழும்பூர் அநாதைப் பாடசாலையை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அதனைக் கைக்கொண்டார்; பிள்ளைகளைக்கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலால் அது 'மதராஸ் முறை' என்று மேனாட்டிற் பரவிற்று.

பாடப் பகுதி முடியாதென்பது மற்றொரு தடை. வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட இன்றியமையாச் சொற்கோவையில் உள்ளவை ஏறக்குறைய இரண்டாயிரமே. வாரத்தில் ஒரு மணி, சீட்டுக்கு இரண்டு நிமிஷமென்று கொண்டால், முதல் ஆண்டில் அதில் ஒரு பெரும்பகுதியைக் கண்டுவிடலாமென்று நாம் கூறவில்லை, கூறினால் பொய்யாம். சில நூறு சொற்கள் மாத்திரம் வாயில் ஏறும். ஏறியவை இறங்கா என்பதே நம் வாதம்.

இன்னும் ஒன்று. தமிழ்ச்சொல் ஒன்று நழுவினால் அபராதம் விதிக்கும் வழக்கம் சிற்சில பள்ளிகளில் இருந்ததை நாம் அறிவோம். ஆட்டத்தில் அதனை நுழைத்தலாகாது. தமிழ் நழுவினால் அச்சீட்டுக்கு எண் இல்லை; அவ்வளவே. வெற்றி பெற்ற கட்சியின் எண்ணிக்கையும் மணி அடித்தவுடன் கரும்பலகையினின்று அழிதல் நலம். தோற்றவர் பெயர் மறுநாளும் அங்கே நிற்குமாயின், பேச அஞ்சுபவர் முன்னினும் ஒடுங்குவர்.

சீட்டுகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் மீன்பிடிப் படகுகளிலும் தொழில் புரியும் நம் பழைய மாணாக்கர், தத்தம் தொழிலில் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் பத்தினை எழுதி, ஒவ்வொன்றன் கீழும் விலக்க வேண்டிய நான்கினைச் சேர்த்து, வருகின்ற ஜூன் மாதத்திற்குள் ஆங்கிலப் பகுதிக்கு அனுப்புவாராயின், முதலாண்டு வகுப்பு திறக்கும் நாளில் அவை மேசைமேல் இருக்கும்.